மீட்டர் இருக்கும், சிக்னல் இருக்குமா?

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2023 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டில் பொருத்தப்பட்டிருந்த ஸ்மார்ட் மீட்டர்களில் சுமார் 30 லட்சம் சரியாக இயங்கவில்லை என்று சொன்ன குழு, அதைவிடக் கவலைக்குரிய இன்னோர் எண்ணையும் முன்வைத்தது. 2ஜி, 3ஜி வலையமைப்புகள் மூடப்படும்போது மேலும் 70 லட்சம் மீட்டர்கள் தொடர்பிழந்து போகும் என்றது. அந்த 70 லட்சம் மீட்டர்களில் பழுது எதுவும் இல்லை. மின்சாரத்தை அவை ஒழுங்காகவே அளக்கும். அளந்ததை அனுப்பிவைக்கும் வழிதான் அடைபடப் போகிறது. மீட்டரோடு இணைந்த தொடர்புப் பெட்டியை மட்டும் தனியே கழற்றி மாற்றலாம் என்பது அவர்களுக்கு வாய்த்த ஆறுதல். அதற்கும் வீடு வீடாக ஆள் போக வேண்டும். அந்தச் செலவு கடைசியில் கட்டணம் செலுத்தும் மக்களிடமே வந்து சேரும்.

இந்தியா இப்போது அதே பாதையில் காலெடுத்து வைத்திருக்கிறது. 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. திட்டத்தின் மொத்த மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் முன்னோட்டமாகப் பொருத்தப்பட்டன. அடுத்த கட்டத்துக்கு விடப்பட்ட ஒப்பந்தப்புள்ளி, கேட்கப்பட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பர் கடைசியில் ரத்து செய்யப்பட்டது. இந்த மீட்டர்கள் பற்றி நம்மிடையே விவாதம் இல்லாமல் இல்லை. தனியாருக்குப் போகுமா, கணக்கெடுக்க வரும் ஊழியரின் வேலை என்னாகும், மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு எப்போது வரும், முன்பணம் தீர்ந்தால் இருட்டில் உட்கார வேண்டியதுதானா என்று கேட்கிறோம். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு சுவரில் இருக்கப்போகும் ஒரு கருவிக்கு அத்தனை ஆண்டும் சிக்னல் தருவதாக யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை நான் எங்குமே கேட்கவில்லை.

கேட்கத் தோன்றாததற்குக் காரணம், இந்தக் கருவிகள் நம் கண்ணில் படுவதில்லை. மளிகைக் கடையில் பணம் வந்து சேர்ந்ததைச் சத்தமாகச் சொல்லும் சிறு பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. 2019 முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்து, வாடகைக் கார்களில் பொருத்தியாக வேண்டிய இடங்காட்டிக் கருவிக்குள்ளும் சிம் உண்டு. இப்படி இயந்திரத்தோடு இயந்திரம் பேசுவதற்கான இணைப்புகளுக்கென்றே தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலை முதல் 13 இலக்க எண்களைக் கொண்டுவந்தது. சீனாவில் 2022 ஆகஸ்ட் முடிவில் இப்படிப்பட்ட கருவி இணைப்புகள் 169.8 கோடி, கைபேசி இணைப்புகள் 167.8 கோடி. மனிதர்களைவிடப் பொருள்கள் அதிகமாகச் செல்பேசி வலையமைப்பில் இருக்கும் காலம் அங்கே வந்துவிட்டது.

பொருள்களுக்கு வேண்டிய வலையமைப்பு கைபேசிக்கு வேண்டியதற்கு நேரெதிர். நமக்கு வேகம் வேண்டும். தண்ணீர் மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஒரு குறுஞ்செய்தி அளவு தகவல் போனால் போதும். நாம் தினமும் சார்ஜ் செய்கிறோம். நிலத்தடித் தொட்டிக்குள் இருக்கும் மீட்டருக்கு யார் சார்ஜ் போடுவது? இந்தத் தேவைக்காகவே உலகச் செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2016இல் இரண்டு தொழில்நுட்பங்களைத் தரப்படுத்தியது. ஒன்று என்பி-ஐஓடி. ஒரு 2ஜி அலைவரிசைத் துண்டின் அகலமான 200 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். வேகம் நொடிக்குச் சில பத்துக் கிலோபிட். மற்றது எல்டிஇ-எம். கொஞ்சம் அகலமானது, நொடிக்கு ஒரு மெகாபிட் வரை போகக்கூடியது, ஓடும் வண்டியிலும் தொடர்பு அறாமல் கோபுரம் விட்டுக் கோபுரம் மாறக்கூடியது. புதிய கோபுரம் எதுவும் கட்ட வேண்டாம். இருக்கும் 4ஜி கோபுரத்தில் பெரும்பாலும் மென்பொருளைப் புதுப்பித்தாலே இரண்டையும் இயக்கலாம்.

பேட்டரியை எப்படி மிச்சப்படுத்துகிறார்கள் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தின் அழகும் அபாயமும் அங்கேதான் இருக்கின்றன. கைபேசி நாம் பேசாதபோதும் சும்மா இருப்பதில்லை. யாராவது அழைக்கிறார்களா என்று ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை கோபுரத்துக்குக் காது கொடுக்கிறது. அப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பதில் போகும் மின்சாரம்தான் சிறு கருவிகளை வற்றவைப்பது. புதிய தரத்தில் கருவி கோபுரத்தோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறது: இத்தனை நேரம் தூங்குவேன், என்னைத் தேடாதே, என் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடாதே. அந்தத் தூக்கம் சில மணி நேரமாக இருக்கலாம். தரத்தின்படி ஓராண்டைத் தாண்டியும் போகலாம். தூங்கும்போது ஓடும் மின்னோட்டம் சில மைக்ரோஆம்பியர் மட்டுமே. 5 வாட்-மணி பேட்டரியில் 10 ஆண்டு ஓட வேண்டும் என்பதுதான் தரம் வகுத்தவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. இன்றைய கைபேசி ஒன்றின் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி இருக்கிறது. அதை நாம் ஒரே நாளில் தீர்த்துவிடுகிறோம். அதில் கால்வாசியை வைத்துக்கொண்டு ஒரு கருவி பத்தாண்டு வாழ வேண்டும். சராசரியாகக் கணக்கிட்டால் 60 மைக்ரோவாட்டுக்கும் குறைவு.

இரண்டாவது சாதனை ஆழம். அடித்தளத்தில், இரும்பு மூடிக்கு அடியில், தடித்த சுவருக்குப் பின்னால் இருக்கும் மீட்டரையும் எட்ட வேண்டும். பழைய ஜிபிஆர்எஸ் எட்டியதைவிட 20 டெசிபல் கூடுதலாக எட்டுவது என்பி-ஐஓடியின் குறி. அதாவது நூறில் ஒரு பங்காகத் தேய்ந்துபோன சிக்னலிலும் பேச்சு நடக்க வேண்டும். இதற்குக் கையாளும் உத்தி மிக எளியது. காது மந்தமான பாட்டியிடம் நாம் நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் போல, அதே செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்புவது. கோபுரம் கருவிக்கு அதிகபட்சம் 2048 முறை. கருவி கோபுரத்துக்கு 128 முறை.

விளம்பரத் தாள்களில் இடம்பெறாத உண்மை இங்கே இருக்கிறது. திரும்பத் திரும்ப அனுப்பும் ஒவ்வொரு முறையும் பேட்டரிதான் கரைகிறது. கோபுரத்துக்குப் பக்கத்தில், நல்ல சிக்னலில் இருக்கும் மீட்டர் நாளுக்கு ஒரு செய்தி அனுப்பி 10 ஆண்டைத் தாராளமாகக் கடந்துவிடும். சிக்னல் எல்லையில், நிலத்தடியில் இருக்கும் மீட்டர் அதே செய்திக்குப் பல மடங்கு நேரம் விழித்திருந்து கத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னால் அதன் ஆயுள் வெகுவாகச் சுருங்கிவிடும். சிக்னல் குறைந்த ஊர்க் கோடியில் இருப்பவரின் மீட்டர்தான் முதலில் சாகும். ஒப்பந்தத்தில் ‘10 ஆண்டு பேட்டரி’ என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. எந்த அளவு சிக்னலில், எத்தனை செய்திக்கு என்று சேர்த்து எழுத வேண்டும். சிக்னலைச் சாலையில் காரை ஓட்டி அளக்காமல் மீட்டர் இருக்கும் குழிக்குள் இறங்கி அளக்க வேண்டும்.

மின்சார மீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு மின்சாரம் கையிலேயே இருக்கிறது. இன்னும் சொன்னால், ப்ரீபெய்டு மின் மீட்டர் தூங்கவும் கூடாது. பணம் கட்டிய சில நிமிடங்களில் இணைப்பு திரும்ப வர வேண்டும். அது இந்தத் தொழில்நுட்பத்திடம் எதிர்பார்ப்பது மலிவையும் ஆழத்தையும்தான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் வலையமைப்பு உண்மையில் யாருக்காகப் பிறந்ததோ, அவற்றை நாம் இன்னும் சரியாகப் பேசத் தொடங்கவில்லை: குடிநீர்க் குழாய்கள், எரிவாயு மீட்டர்கள், பாதாளச் சாக்கடை, ஏரி. தமிழ்நாட்டில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் சுமார் 14,000 ஏரிகள் இருக்கின்றன. பெரும்பாலான மதகுகளுக்குப் பக்கத்தில் மின்கம்பம் கிடையாது. மழை கொட்டும் இரவில் சங்கிலித் தொடரில் மேல் ஏரி எவ்வளவு நிரம்பியது, எப்போது கலங்கல் வழியும் என்று கீழ் ஏரிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு அந்தத் தகவலின் விலை தெரியும். மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைச் சொல்லும் சிறு கருவிக்கு, பேட்டரி மாற்ற ஆண்டுக்கணக்கில் ஆள் போகத் தேவையில்லாத வலையமைப்பு இருந்தால், அது செய்யும் நன்மையை ரூபாயில் சொல்ல முடியாது. பாதாளச் சாக்கடை மூடிக்கு அடியில் கழிவுநீர் மட்டத்தையும் நச்சுவாயுவையும் கண்காணிக்கும் கருவியும் அப்படியே. மனிதன் உள்ளே இறங்கி உயிர்விடும் கொடுமை இன்னும் தொடரும் நாட்டில் அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆகவே இந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்பதே என் கட்சி. அதனால்தான் அதைக் கைவிட்டவர்களின் கதையைக் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன்.

ஜப்பானில் என்டிடி டோகோமோ நிறுவனம் 2019 ஏப்ரலில் என்பி-ஐஓடி சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் மூடிவிட்டது. ஓராண்டுகூட முழுதாகத் தாங்கவில்லை. அமெரிக்காவில் ஏடி அண்டு டி 2019இல் நாடு முழுவதும் இதை விரித்தது. 2025இல் அணைத்துவிட்டு வாடிக்கையாளர்களை எல்டிஇ-எம்முக்கு மாறச் சொன்னது. பத்தாண்டு பேட்டரி என்று நம்பி 2020இல் கருவி பொருத்தியவரின் பேட்டரியில் அப்போதும் பாதி மிச்சம் இருந்திருக்கும். இதே நிறுவனம் 2022 பிப்ரவரி 22 அன்று 3ஜியை மூடியபோது, வீடுகளில் திருட்டு, தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்தியிருந்த தொழில்துறையினர் கூடுதல் அவகாசம் கேட்டு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மன்றாடினார்கள். அவகாசம் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் 2018 மார்ச் கடைசி முதல் புதிய கார் மாடல்களில் விபத்து நேர்ந்தால் தானாகவே அவசர உதவியை அழைக்கும் ஏற்பாடு கட்டாயம். அந்த அழைப்பு 2ஜி, 3ஜி வழியே போகும்படி வடிவமைக்கப்பட்டது. கார்கள் இன்னும் ஓடுகின்றன; அந்த வலையமைப்புகள் நாட்டுக்கு நாடு மறைந்துகொண்டிருக்கின்றன.

செல்பேசி நிறுவனங்களைச் சாராமல் தனி வலையமைப்பு கட்டியவர்களும் தப்பவில்லை. பிரான்ஸில் 2010இல் தொடங்கிய சிக்ஃபாக்ஸ், பொருள்களுக்கென்றே உலகம் முழுவதும் வலையமைப்பு விரிக்கப் புறப்பட்ட நிறுவனம். 2022 ஜனவரியில் கடனில் மூழ்கி நீதிமன்றக் கண்காணிப்புக்குப் போனது. சில மாதங்களில் சிங்கப்பூரின் யூனாபிஸ் வாங்கிக்கொண்டது.

ஏன் இப்படி? கணக்கு எளிது. ஒரு மீட்டர் தரும் வருமானம், கைபேசிச் சந்தாதாரர் தருவதில் ஒரு சிறு பங்கு. கோடிக்கணக்கில் மீட்டர்கள் சேர்ந்தால்தான் நிறுவனத்துக்கு லாபம். சேருவதற்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பங்குச் சந்தை கேள்வி கேட்கிறது, புதிய தலைமுறைக்கு அலைக்கற்றை வேண்டியிருக்கிறது. யாரும் எதிர்த்துக் குரல் கொடுக்காத சேவையை முதலில் மூடுகிறார்கள். மனிதச் சந்தாதாரர் கோபப்பட்டால் வேறு நிறுவனத்துக்குப் போவார். மீட்டர் எங்கே போகும்?

சீனா வேறு வழியில் போனது. அங்கே 2017இல் தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே என்பி-ஐஓடி பரவலுக்கு ஆணையிட்டது. 2020க்குள் 15 லட்சம் அடிநிலையங்கள் என்று இலக்கு வைத்தது. அரசு நிறுவனங்கள் கருவிகளுக்கு மானியம் தந்தன. 2020இல் 2ஜி, 3ஜியில் இருக்கும் கருவிகளைப் புதிய தொழில்நுட்பங்களுக்கு நகர்த்தும் கொள்கையையும் எழுத்தில் அறிவித்தது. அரசின் பிடியை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் மீட்டர் செய்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆண்டுகளைக் கணக்கிட ஒரு காகிதம் கையில் இருந்தது. அந்தக் காகிதம்தான் இந்தியாவில் இல்லாதது.

நம் நிலைமை என்ன? ஜியோ நாடு முழுவதும் என்பி-ஐஓடி தருவதாக 2018 முதலே சொல்லிவருகிறது. பிகாரில் 13 லட்சம் வீடுகளின் மீட்டர்களுக்கு என்பி-ஐஓடி இணைப்புத் தர ஏர்டெல் 2023இல் ஒப்பந்தம் செய்தது. அது எட்டாத இடத்தில் 2ஜி, 4ஜிக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு, புத்திசாலித்தனமான முன்யோசனை. இன்னொரு பக்கம், ஜியோவிடம் 2ஜி கிடையாது. 2ஜியையும் 3ஜியையும் நாட்டில் முழுவதுமாக மூடக் கொள்கை வகுக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2024 தொடக்கத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பிடம் வலியுறுத்தியது. மற்ற நிறுவனங்களுக்கு இன்னும் கோடிக்கணக்கான 2ஜி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இந்த இழுபறியில் மனிதர்களைப் பற்றியாவது பேச்சு நடக்கிறது. பொருள்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பொருள்களில் ஒன்று நம் கொங்கு மண்டலத்துத் தோட்டங்களில் இருக்கிறது. கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே இயக்கும் செல்போன் ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் விவசாயி டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து, வரப்பில் நடக்க வேண்டியதில்லை. ஒரு மிஸ்டு கால் போதும். ஈர மண்ணில் நின்று பழுதடைந்த ஸ்டார்ட்டரைத் தொட்டு மின்சாரம் தாக்கும் ஆபத்தும் குறைகிறது. அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குள் இருப்பது மலிவான 2ஜி மோடம். விற்ற கடைக்காரர் 2ஜி என்று சொல்லியிருக்க மாட்டார். வாங்கியவர் கேட்டிருக்கவும் மாட்டார். சிக்னல் அணையும் நாளில் அவர் பெட்டி பழுதென்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவார். எத்தனை தோட்டங்களில் இப்படி 2ஜி பெட்டிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க ஒரு துறைக்கும் பொறுப்பு தரப்படவில்லை. மின் மீட்டருக்காவது பேச ஒரு வாரியம் இருக்கிறது. இவருக்கு யார்?

சிம் மாற்றுவது எளிதாகிவிட்டதே, அதுவே போதாதா என்று தொழில்துறையில் சிலர் சொல்வார்கள். கருவிக்குள் பதித்த இ-சிம்மில் தூரத்திலிருந்தே நிறுவனத்தை மாற்றலாம். இதற்கான பரிந்துரைகளை டிராய் 2024 மார்ச்சில் வெளியிட்டது. நல்ல ஏற்பாடு. ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொள்ளாமல் அது காப்பாற்றும். ஆனால் என்பி-ஐஓடி மட்டுமே தெரிந்த சில்லுக்கு, அத்தனை நிறுவனங்களும் அந்தச் சேவையை நிறுத்திவிட்டால் எந்த இ-சிம்மும் உதவாது.

சொந்தமாகவே வலையமைப்பு வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. கிரெனோபிளில் பிறந்து 2012இல் செம்டெக் நிறுவனத்தின் கைக்கு வந்த லோரா தொழில்நுட்பத்தை யாரும் இயக்கலாம். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை. ஒரு பேரூராட்சி தன் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் உச்சியில் ஒரு நுழைவாயில் கருவியை வைத்து, ஊர்க் குழாய் மீட்டர்களை அதன் கீழ் கொண்டுவரலாம். யாரும் தன்னிச்சையாக மூடிவிட முடியாது. அதேநேரம் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பொது அலைவரிசை என்பதால் நெரிசல் வராது என்ற உத்தரவாதமும் இல்லை. ஏரிகளுக்கும் குடிநீருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். மாநிலம் முழுக்கக் கோடிக்கணக்கான மின் மீட்டர்களுக்குச் செல்பேசி வலையமைப்புதான் நடைமுறை.

அப்படியானால் அதை வாங்கும் விதத்தை மாற்ற வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் ஒப்பந்தங்களில் சேவை நிறுவனம் மீட்டரைப் பொருத்தி, சுமார் பத்தாண்டு இயக்கி, மீட்டருக்கு மாதம் இவ்வளவு என்று பெற்றுக்கொள்கிறது. அந்தப் பத்தாண்டு முடிந்த மறுநாள் மீட்டர் வாரியத்துக்குச் சொந்தம். அதன் தொடர்புச் சிக்கலும் வாரியத்துக்குச் சொந்தம். எனவே எந்த வலையமைப்பு எந்த ஆண்டு வரை இயங்கும் என்பதை, மீட்டர் நிறுவனம் மட்டுமல்ல, செல்பேசி நிறுவனமும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதற்கு முன் மூடினால் மாற்றும் செலவு முழுவதும், ஆள் வீட்டுக்கு வந்துபோகும் கூலி உட்பட, மூடியவருடையது. தொடர்புப் பகுதியை மீட்டரின் பலகையில் பற்றவைத்துவிடாமல், முத்திரையை உடைக்காமல் கழற்றி மாட்டக்கூடிய தனி அட்டையாகத்தான் வாங்க வேண்டும். கொஞ்சம் விலை கூடும். பிரிட்டன் இன்று மீட்டரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் இருப்பது அந்தச் சிறு முன்யோசனையால்தான். ஒற்றைத் தொழில்நுட்பச் சில்லுகளைப் பொதுப் பணத்தில் வாங்கவே கூடாது.

டிராய் அமைப்புக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்த வலையமைப்பையும் மூடுவதற்குக் குறைந்தது ஐந்தாண்டுக்கு முன் பொது அறிவிப்பு வேண்டும். அதில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 13 இலக்க எண்கள் நிறுவனங்களின் பதிவேட்டில் தனியாகவே இருப்பதால் அவற்றைக் கணக்கெடுப்பது கடினமல்ல. தோட்டத்து ஸ்டார்ட்டர்களில் பலவற்றில் இருப்பது கடையில் வாங்கிய சாதாரண 10 இலக்க சிம். அவற்றை வேளாண் பொறியியல் துறைதான் ஊர் ஊராகப் பதிவு செய்ய வேண்டும். 2ஜி அணையும் தேதி அறிவிக்கப்படும்போது, அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் மாற்றுப் பெட்டிக்கான மானியம் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும்.